சுப்புத்தாய் சேமித்து வைத்த தேடல்

நீ எதுவரைக்கும் தாயி? திருநவேலியா? நல்லதாப் போச்சு. நான் வண்ணாரப்பேட்டையில இறங்கணும். கண்ணசந்துட்டேன்னா எழுப்பி விடு. அசர மாட்டேன், சும்மா சொல்லி வைக்கிறேன்.

படிச்ச பிள்ளை மாதிரி இருக்க. இந்த ஃபோனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு, அதை வாசிச்சுச் சொல்லணும். எனக்கும் எழுத்துக்கூட்ட வரும். பஸ் போர்டு படிச்சிருவேன், தீப்பெட்டி லேபிள் படிச்சிருவேன். இது பொடி எழுத்து. பத்தாததுக்கு இந்த பஸ்ஸு ஆடுற ஆட்டத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. இந்தா. இரு, இரு, இப்பவே திறக்காத. மடியில வச்சுக்கோ. கோவில்பட்டி தாண்டட்டும். விஷயம் தெரியாம வாசிச்சா நீ பயந்துருவ. நான் முதல்ல சொல்லிர்றேன்.

எம்பேரு சுப்புத்தாய். ஊரு சாத்தூரு. தீப்பெட்டியாபீஸ்ல லேபிள் ஒட்டுறேன். இந்தா பாரு விரலை, பசை ஏறி ஏறி ரேகையே கிடையாது. ரேஷன் கடையில மிஷின்ல வச்சா யாரு நீங்கன்னு கேக்குது. எங்க வீட்டுக்காரவுக லாரி ஷெட்டுல லோடுமேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி, ஆடி மாசக் கடைசி, ஒரு வெள்ளிக்கிழமை. மதுரைக்குப் போயிட்டு வாரேன்னு காலையில பஸ் ஏறினாக. ஏறினதுதான். இன்னும் வரலை.

மூஞ்சிய அப்படி வச்சுக்காத. எனக்குப் பழகிப்போச்சு.

போலீஸ்ல எழுதிக் குடுத்தோம். சொந்தக்காரங்க நாலு பக்கமும் போய்ப் பாத்தாங்க. ஒரு வருஷம் போச்சு. எங்க தெருமுனையில ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிற ஜெபராணிதான் இதைச் சொன்னா. கல்யாணமாகாத பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். யாரோ டிரஸ்டுக்காரங்க கம்ப்யூட்டர்ல ஒரு பக்கம் நடத்துறாங்களாம். எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு ஆளு தெரியாத பொணம் வந்தாலும் வயசு, உயரம், அடையாளம் எல்லாத்தையும் அதுல ஏத்திருவாங்களாம். நாம தினம் போய்த் தேட வேண்டாம். நம்ம ஆளோட அடையாளத்தை ஒரு தடவை குடுத்து, சேமின்னு ஒரு பொத்தானை அமுக்கிட்டாப் போதும். அது மறக்காம வச்சுக்கிட்டு, நாம தூங்கினாலும் அது தேடிக்கிட்டே இருக்கும். பொருந்துற மாதிரி ஒண்ணு வந்துச்சுன்னா ஃபோனுக்கு மெசேஜ் அடிச்சிரும்.

"இனி நீங்க நிம்மதியா இருக்கலாம்மா"ன்னா ஜெபராணி.

நிம்மதி! அன்னையிலருந்துதான் தாயி, இந்த ஃபோனைக் கீழ வைக்க முடியல. குளிக்கப் போனா சோப்பு டப்பா பக்கத்துல. ஆபீஸுக்குள்ள கொண்டுபோக முடியாது, மருந்து இருக்கிற இடம். மானேஜர்கிட்டக் கெஞ்சி, வாசல்ல வாட்ச்மேன்கிட்டக் குடுத்து வச்சிருக்கேன். சத்தம் கேட்டா அந்த மனுஷன் "சுப்பக்கா, வந்திருச்சு"ன்னு ஒரு கத்து கத்துவாரு. ரீசார்ஜ் முடியுதுன்னு வந்தாலும் அதே கத்து. அம்பது பொம்பளைங்க கையில பசையோட என்னையே பாப்பாங்க. நான் எந்திரிச்சுப் போகணும், பாக்கணும், ரீசார்ஜுதான்னு சொல்லணும், அவங்க அப்பாடான்னு ஒட்ட ஆரம்பிக்கணும்.

எம்மக திருப்பூர்ல இருக்கா. சுகந்தி. அங்க வந்து எங்கூட இரும்மான்னு அஞ்சு வருஷமா நச்சரிக்கா. எப்படிப் போறது? நான் அங்க இருக்கிறப்ப இவுக வந்து பூட்டின கதவைப் பாத்துட்டுத் திரும்பிட்டாகன்னா? ஒரு விசேஷ வீட்டுக்குப் போனா, ஆரத்தி எடுக்க என்னைக் கூப்பிடவும் யோசிக்காங்க, கூப்பிடாம இருக்கவும் யோசிக்காங்க. நானே முந்திக்கிட்டு அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரிக்க உக்காந்துருவேன். நெத்தியில பொட்டு இருக்கு பாரு, இது தினம் வைக்கிறேன். வைக்கும்போது தினமும் கை ஒரு நிமிஷம் நிக்கும்.

ஏங்க கண்டக்டர் தம்பி, பாக்கி சில்லறை! ஆங், வச்சுக்கோப்பா, கோவில்பட்டியில குடு.

எங்க விட்டேன்? அடையாளம். ஜெபராணி கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துக்கிட்டு ஒண்ணொண்ணாக் கேட்டா. பேரு என்னம்மான்னா. நான் எப்படி அவுக பேரைச் சொல்றது? ரேஷன் கார்டை நீட்டினேன். உயரம் என்னன்னா. எங்க வீட்டு நிலையில தலை இடிக்கிறதுக்கு ரெண்டு விரக்கடை கம்மின்னேன். அவ கடையப் பூட்டிட்டு, இஞ்சி டேப்பைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கே வந்து நிலைய அளந்துட்டுப் போனா. அஞ்சடி அஞ்சு. வயசு அப்ப அவுகளுக்கு அம்பத்தாறு. அம்பத்தஞ்சுலருந்து அறுபதுக்குள்ளன்னு போட்டா. அதுல ஒரு வேடிக்கை கேளு. சேமிச்சு வச்சது சேமிச்சபடியேதான் கிடக்குமாம், தானா வயசு ஏறாதாம். "வருஷா வருஷம் திருத்தணும்மா"ன்னு சொல்லுவா. நான் கிடக்கட்டும் விடுன்னுருவேன். எனக்கு மூட்டு தேயுது, முடி நரைக்குது, அதுக்குள்ள அவுக அப்படியே இருக்காக.

தழும்பு இருக்கான்னா. வலது புருவத்துல, பண்டல் தூக்குற கொக்கி பட்டது. ரெண்டு தையல். அதையும் போட்டா.

அப்புறம் கேட்டா, "உடம்புல பச்சை குத்தியிருக்கா?" இருக்கு, இல்லை, தெரியாது. மூணு கட்டம், மூணுல ஒண்ணைத்தான் தொடணும்.

நான் பட்டுன்னு இல்லைன்னேன்.

அவ திரும்பி என்னைப் பாத்தா. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"எம்புருஷன் உடம்பு எனக்குத் தெரியாதா? இல்லைன்னு போடு"ன்னேன்.

உங்கிட்டச் சொன்னா என்ன தாயி, நீ யாரோ, நான் யாரோ, வண்ணாரப்பேட்டையில இறங்கினா முடிஞ்சது. பச்சை இருந்துச்சு. இடது கையில, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல, உள்பக்கமா. ஒரு பொம்பளை பேரு.

எம்பேரு இல்ல.

கல்யாணத்தன்னைக்கு மணையில உக்காந்திருக்கும்போதுதான் பாத்தேன். மாலையைத் தள்ளிவிடக் கையத் தூக்கினாக, இருந்துச்சு. கனகான்னு. அன்னையிலருந்து இன்னைக்குத்தான் அந்தப் பேரை என் வாயால சொல்றேன். தாலி ஏறின கழுத்தோட நான் என்ன கேக்கிறது? கேட்டா நான்தானே சின்னவளாப் போவேன். கேக்கல. மறுநாளே எங்க அம்மாகிட்டச் சொல்லி நாலு முழுக்கைச் சட்டை எடுக்கச் சொன்னேன். அவ்வளவுதான். ஒரு சண்டை கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. இருபத்தேழு வருஷம் கௌரவமா வச்சுக் குடும்பம் நடத்தினேன்.

லோடு ஏத்துற வேலைக்கு முழுக்கைச் சட்டையான்னு கேக்கிற. வெயிலு, வேர்வை எல்லாம்தான். பழகிக்கிட்டாக. சாப்பிடும்போது மடிச்சு விடப் பாப்பாக, நான் ஒரு பார்வை பாத்தா இறக்கிருவாக. குழம்பு ஒட்டும் கைப்பட்டியில. அதைக்கூட அவுகளே துவைச்சுக்குவாக, என்னைச் சொல்ல மாட்டாக. சுகந்தி பிறந்தப்ப எனக்கு ரத்தம் நிறையப் போயிருச்சு. அவுகளுக்கும் எனக்கும் ஒரே ரத்தம்னு தெரிஞ்சு ஊசி குத்தக் கூப்பிட்டாங்க. பாதி மயக்கத்துல கிடக்கேன், அப்பவும், "வலது கையில எடுங்க நர்சம்மா"ன்னேன். எனக்கு அவ்வளவு சுதாரிப்பு உண்டு.

ஊருக்குள்ள ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. நான் தெரிய விடல. ஷெட்டுல மட்டும் கூட்டாளி ஒருத்தன் "என்ன, கனகா அண்ணே"ன்னு கூப்பிடுவான்னு சொல்லிக்கிட்டாங்க. அது ஏதோ கேலிப் பேரு, ஆம்பளைங்களுக்கு ஆயிரம் கேலி. சுகந்தி அஞ்சு வயசுல எழுத்துக்கூட்டப் பழகினப்ப, அவுக பாயில படுத்திருக்காக, சட்டை விலகியிருக்கு. இவ விரலை வச்சு 'க... ன... கா'ன்னு வாசிக்கா. ஓடிவந்து முதுகுல ஒண்ணு வச்சேன். அழுதா. அப்புறம் மறந்துட்டா. பிள்ளைங்க மறந்துரும்.

வருஷத்துல ஒரே ஒரு நாள்தான் சட்டையைக் கழட்டிட்டு நடுவீட்டுல உக்காருவாக. அது சாமி காரியம், அதுக்கு நான் குறுக்க போறதில்ல. அவுக வீட்டுல ஒரு கன்னி உண்டு. அவுக கூடப்பிறந்த தங்கச்சி, பத்துப் பதினோரு வயசுல பாம்பு தீண்டிப் போயிருச்சாம். நம்ம பக்கம் வழக்கம் உனக்குத் தெரியும்ல, வயசுக்கு வராமப் போன பிள்ளையை வீட்டுக் கன்னின்னு கும்பிடுவாங்க. பொங்கல் முடிஞ்ச செவ்வாய்க்கிழமை, ஓலைப்பெட்டியத் திறந்து, புதுசா ஒரு சின்னப் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன் எல்லாம் வச்சுப் படைப்பாக. எங்க மாமியா இருந்தவரைக்கும் அன்னைக்கு மகன் கையப் பிடிச்சு மடியில வச்சுக்கிட்டுத் தடவிக்கிட்டே அழுவாக. ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு, "சுப்பு, இந்தக் கையில இருக்கிறது யாருன்னா..."ன்னு ஆரம்பிச்சாக. பாயாசம் அடிப்பிடிக்குது அத்தேன்னு நான் எந்திரிச்சு வந்துட்டேன். மகன் வச்சிருந்தவ கதைய மாமியா வாயால கேக்கணுமா நான்? எனக்கு என்ன தலையெழுத்தா?

என்ன கேட்ட? அந்தத் தங்கச்சி பேரா? யாருக்குத் தெரியும். கன்னி, கன்னின்னுதான் சொல்லுவாக. அவுக வீட்டுச் சாமி, நான் என்னத்தக் கேட்டேன். நீ ஒருத்தி, நான் ஒண்ணு சொல்லிக்கிட்டு வந்தா வேற எங்கயோ போற.

கோவில்பட்டி வந்திருச்சா? கடலை மிட்டாய் வேணுமா தாயி? வேண்டாமா. எனக்கும் வேண்டாம், பல்லு இல்ல.

சுகந்திக்கு மாப்பிள்ளை அமைஞ்சுச்சு. ஆவணியில முகூர்த்தம். அப்பத்தான் எனக்குப் பகீர்னுச்சு. தாரை வார்க்கும்போது பொண்ணைப் பெத்தவரு சட்டையில்லாம, தோள்ல துண்டு மட்டும் போட்டுக்கிட்டு உக்காரணும்ல? சம்பந்தி மூஞ்சிக்கு நேரா கை நீளும். தண்ணி ஊத்துற கை. இருபத்தேழு வருஷம் நான் காப்பாத்தினது ஒரு செம்புத் தண்ணியில போயிரும். மதுரையில பச்சையை அழிக்கிற ஆஸ்பத்திரி இருக்குன்னு ஆபீஸ்ல ஒருத்தி, தன் தங்கச்சி வீட்டுக்காரருக்குப் பண்ணினதாச் சொன்னா. லேசர் வைப்பாங்களாம். ஒரே நாள்ல போகாது, மூணு நாலு தடவை போகணும்னா. சரி, முகூர்த்தத்துக்குள்ள எவ்வளவு மங்குதோ அவ்வளவு மங்கட்டும்னு நான்தான் நாள் கேட்டு வாங்கினேன்.

அவுக ஒண்ணும் மறுக்கல. சட்டைய மாட்டி, கைப்பட்டிப் பொத்தானைப் போட்டாக. நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "அதை அழிச்சிட்டா வீட்டுக்கு வாங்க. இல்லாட்டி வர வேண்டாம்." ஒரே வார்த்தை. கோவத்துலகூட இல்ல தாயி, தோசை வார்த்துக்கிட்டேதான் சொன்னேன்.

வாசல்ல செருப்பைப் போட்டுக்கிட்டு ஒரு நிமிஷம் நின்னாக. "சுப்பு, இத்தனை வருஷத்துல இது யாருன்னு நீ ஒரு தடவைகூடக் கேக்கலையே"ன்னாக.

"தோசை கருகுது, போயிட்டு வாங்க"ன்னேன்.

போயிட்டாக.

அந்த ஆஸ்பத்திரியில விசாரிச்சோம். முதல் தடவைக்கு வந்தாரு, மறுபடி வரலைன்னாங்க. அங்கருந்து எங்க போனாகன்னு தெரியல. அவ எந்த ஊர்லயோ இருப்பா, அவகிட்டத்தான் போயிருப்பாகன்னு எனக்கு ஒரு நினைப்பு. சீ, இருக்காது, அவுக அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு ஒரு நினைப்பு. ரெண்டுக்கும் நடுவுல ஆறு வருஷம். கல்யாணத்துல எங்க அண்ணன்தான் தாரை வார்த்தாரு. லோடு ஏத்திக்கிட்டு வடக்க போயிருக்காக, லாரி வழியில நின்னுபோச்சுன்னு சம்பந்திகிட்டச் சொன்னேன். நம்பிட்டாங்க. சம்பந்தியம்மா எங்கையப் பிடிச்சுக்கிட்டு, "பரவாயில்ல மதினி, பச்சை குத்தாதவுக யாரு"ன்னாக. என்ன சொல்ல வந்தாகன்னு எனக்குப் புரியல. மேளச்சத்தம்.

சரி, மெசேஜு. இதோட பதினொண்ணாவது. மொத மெசேஜ் வந்தப்ப பசைக் கையோட வாங்கி, ஃபோனை வாட்ச்மேன் காலடியில நழுவ விட்டுட்டேன். திண்டுக்கல்லு, மானாமதுரை, தேனி, ஒரு தடவை சேலம் வரைக்கும். யாராவது கூட வருவாங்க முன்னெல்லாம். இப்ப நானேதான். போனதும் அங்க இருக்கிற ஆளு முகத்துத் துணியத் தூக்க வருவாரு. வேண்டாம்பேன். "இடது கையைக் காட்டுங்க." சுத்தமான கையா இருந்தா அவுக இல்ல. அழிச்ச தழும்பு இருந்தாத்தான் மேல முகத்தைப் பாக்கணும். இதுவரைக்கும் தழும்பு இருந்ததில்ல. கும்பிட்டுட்டு வந்துருவேன். அந்தக் கைகளையும் யாராவது தேடிக்கிட்டு இருப்பாங்கல்ல? சேலத்துல பாத்த கையில நங்கூரம் குத்தியிருந்துச்சு. ஊருக்கு வந்து ஜெபராணியச் சத்தம் போட்டேன். "இல்லைன்னுதானே போடச் சொன்னேன், பச்சை குத்தினவனை ஏன் காட்டுது உன் மிஷினு?" அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஜெராக்ஸ் எடுக்கா. "சில நேரம் மிஷின் அப்படித்தாம்மா"ங்கா.

நேத்து அவ ஊர்ல இல்ல, நாகர்கோவில்ல ஏதோ கல்யாணம். அங்கருந்து ஃபோன் போட்டா. "அம்மா, மெசேஜ் வந்திருக்கு, பாத்தீங்களா? திருநவேலி பெரியாஸ்பத்திரி. ரொம்ப நாள் வச்சிருந்துட்டாங்களாம், நாளைக்கு எடுத்து அடக்கம் பண்ணிருவாங்க. இந்தத் தடவை கட்டாயம் போங்க. போனா முகத்தையும் பாத்துட்டு வாங்க." அழற மாதிரி பேசினா. எதுக்கும்மா அழறன்னேன், வச்சிட்டா.

கயத்தாறு தாண்டிருச்சா? சரி. இப்ப வாசி. மெதுவா வாசி.

ம்.

ஆண். ம். வயசு சுமார் அறுபது. சரி. உயரம்... அதுவும் சரி. புருவத்துல பழைய தழும்பு. ஆமா, அதெல்லாம் பொருந்தினாத்தானே வரும். மேல வாசி.

டீக்கடை பெஞ்சுல உக்காந்தவாக்குலயே உயிர் போயிருச்சா? பாவம். யாரு பெத்த பிள்ளையோ.

முழுக்கைச் சட்டை. கைப்பட்டிப் பொத்தான் போட்டபடி.

முழுக்கைச் சட்டை ஊர்ல ஆயிரம் பேரு போடுவான். ஏன் நிறுத்திட்ட? இன்னும் ஒரு வரி இருக்குல்ல, நீ கண்ணை ஓட்டிட்ட, வாயத் திறக்க மாட்டேங்க. வாசி தாயி.

இடது முன்கையில் பச்சை.

தமிழ் எழுத்து. பாதி அழிச்ச மாதிரி இருக்கு. படிக்க முடியல.

இல்ல, இரு. இது எப்படி எனக்கு வரும்? நான் இல்லைன்னுல்ல போட்டிருக்கேன்? பச்சை இருக்கிற ஆளு எனக்கு வரவே கூடாதே. நான் சேமிச்சு வச்சதைத் திறக்க முடியுமா உன்னால? கீழ ஏதோ பொத்தான் இருக்கும்பா ஜெபராணி. பாரு. பேரு சீனிப்பாண்டி, ஆமா, அவுகதான், சத்தமா வாசிக்காத. பச்சைன்னு இருக்கா? அதுக்கு நேரா என்ன இருக்கு?

தெரியாதா?

தெரியாதுன்னா போட்டு வச்சிருக்கா? அந்தக் கழுதை! அஞ்சு வருஷமா! இருந்தாலும் காட்டு, இல்லாட்டியும் காட்டுன்னுல்ல ஆகிப்போச்சு! நான் வாயால இல்லைன்னு சொல்றேன், அவ தெரியாதுன்னு போடுறா. யாருக்குத் தெரியாது? எனக்கா? இருபத்தேழு வருஷம் அந்தக் கைக்குக் காவல் இருந்தவ நான். எனக்குத் தெரியாதுன்னு எழுத இவளுக்கு யாரு அதிகாரம் குடுத்தா? அவளுக்கு எப்படித் தோணுச்சு இருக்கலாம்னு? யாரு சொன்னா அவளுக்கு?

சரி. இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல, தண்ணி வேண்டாம். ஜன்னலை மட்டும் கொஞ்சம் ஏத்தி விடு.

கூட வாரேங்கியா? ஆஸ்பத்திரிக்கா? நல்ல மனசு உனக்கு. உனக்கு ஆபீஸு இருக்கும், போ. என்னத்துக்குப் போய்ப் பாக்கணும்? பாதி அழிச்ச கையி. ஒரு தடவை போய்ப் படுத்து அழிச்சிருக்காக, மீதிய அழிக்க மனசு வராம... அவுகன்னு சொல்லல தாயி, அந்த ஆளைச் சொல்றேன். யாரோ ஒரு ஆளு. வீட்டுக்கும் போக முடியாம, மீதியையும் அழிக்க முடியாம, ஆறு வருஷமா டீக்கடை பெஞ்சுல பொத்தானைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தானாக்கும் ஒருத்தன்? நடக்கிற காரியமா அது? அது எப்படி எங்க வீட்டுக்காரவுகளா இருக்கும்?

திருத்துன்னு ஒண்ணு இருக்கும், பாரு. இருக்கா? அமுக்கு. நான் சொல்றேன், நீ போடு. அஞ்சு வருஷமா எவளோ எழுதி வச்சதுக்கு நான் ஊர் ஊரா ஓடியிருக்கேன், இன்னைக்கு என் தேடலை நானே எழுதிக்கிறேன்.

தெரியாதுங்கிறதை முதல்ல எடு. அது எனக்கு ஆகாது.

இல்லைன்னு போடவா... வேண்டாம். இல்லைன்னா முழுசா அழிச்சாச்சுன்னு அர்த்தம். முழுசா அழிச்சிட்டு, சொன்னபடி செஞ்சிட்டு, அப்புறமும் வீட்டுக்கு வராம இருந்தாகன்னா அது எனக்குல்ல கேவலம்? அதுவும் வேண்டாம்.

இருக்குன்னே போடு. ஆமா, இருக்கு. போடு. இதுல என்ன வெக்கம், பச்சை குத்தாதவுக யாரு.

என்ன எழுதியிருக்குன்னு கேக்குதா? அதை வேற கேக்குமா? சரி, கேக்கும்ல, அப்பத்தானே பொருத்திப் பாக்கும்.

தாழையூத்து வந்துருச்சு போல. சிமெண்டு ஆலைப் புகையப் பாரு.

சுப்புத்தாய்.

சுப்புத்தாயின்னு போடு. ஏன் என்னைப் பாக்குற? எழுத்துத் தெரியாதா? சு, ப்பு, த்தாய்.

அது நான் உங்கிட்டச் சொன்ன கதை தாயி. நீ பொம்பளை, உங்கிட்டச் சொன்னேன். கம்ப்யூட்டருக்கு எதுக்கு அதெல்லாம்? நாலு ஊர் ஆஸ்பத்திரிக்காரன், போலீஸ்காரன் பாக்கிற இடத்துல, கட்டின பொண்டாட்டி நான், என் கையால எவ பேரையோ எழுதணுமா? போடு. கையெடுத்துக் கும்பிடட்டுமா? ஒரு பெரிய மனுஷி கேக்கிறேன்.

போட்டுட்டியா? எழுத்துப்பிழை இல்லாம இருக்கா? சேமின்னு இருக்கும், அமுக்கு.

என்ன சொல்லுது?

இன்னொரு தடவை வாசி.

பொருந்தும் பதிவுகள் எதுவும் இல்லை. ஒண்ணுகூடவா? திருநவேலிதும் போயிருச்சா? நல்லாத் தேடிப் பாத்துச்சா? எல்லா ஊர்லயும்?

அப்பாடா.

பாத்தியா? நான்தான் சொன்னேன்ல. செத்தவங்க பட்டியல்லயே அவுக இல்ல. எங்கயோ நல்லா இருக்காக. இந்த ஜெபராணி பண்ணின கூத்துல நான் எத்தனை பொணத்தைப் பாத்தேன், எத்தனை கையத் தூக்கிப் பாத்தேன். முதல்லயே ஒழுங்காப் போட்டிருந்தா ஒரு மெசேஜ் வந்திருக்காது. நீ நல்லா இருப்ப தாயி. உன் வயித்துல பிறக்கிறது ராசாவா இருக்கும்.

இந்தா, கண்டக்டர் கூப்பிடறாரு. வண்ணாரப்பேட்டையாம். கேட்டுச்சுப்பா, கேட்டுச்சு. இல்ல, நான் இறங்கல. புது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாரேன், அங்கதானே சாத்தூர் பஸ்ஸு. பாக்கப் போன ஆளு அவுக இல்லையாம்ப்பா. டிக்கெட்டு சேத்து எடுக்கணும்னா எடுத்துக்கோ.

நீ ஏம்மா அழற? ஜெபராணியும் நீயும் ஒரே மாதிரி இருக்கீங்க. எந்திரி, வழிய விடு, இறங்கறவங்க இறங்கட்டும். ஃபோனைக் குடு. இரு, குடுக்கிறதுக்கு முன்னாடி அதுல சத்தம் கூட்டுற இடம் ஒண்ணு இருக்கும்ல? அதை முழுசாக் கூட்டி வச்சுக் குடு. மெசேஜ் வந்தா எனக்குக் கேக்கணும்.